தலைவர் கிடாயிடம் கேட்டது

பாப்பாரப்பட்டிப் பக்கம் வேலித் தகராறு, பாகப்பிரிவினை, ஓடிப்போன ஜோடி என்று எது வந்தாலும் தீர்ப்புச் சொல்பவர் முன்னாள் ஊராட்சித் தலைவர் பச்சியப்பன். பதவி போய் வெகுகாலமாகியும் தோள் துண்டு மட்டும் இறங்கவில்லை.

அப்பேர்ப்பட்டவரிடம் தருமபுரி டாக்டர் நிர்மலாதேவி ஒரு முடிவைக் கேட்டுவிட்டார். தலைவர் நெஞ்சில் முன்பே பொருத்தியிருந்த பேஸ்மேக்கரைச் சோதித்ததில், இடையிடையே சில நிமிஷம் இதயம் தாளம் தப்பித் துடித்தது பதிவாகியிருந்தது. அவருக்கோ அது தெரியவே இல்லை.

“இப்படித் துடிச்சா ரத்தம் கட்டி மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை இருக்கு. ஆனா அதுல ரத்தக்கசிவு ஆபத்தும் இருக்கு. உங்களுக்கு வர்றது கொஞ்ச நேரந்தான். கொடுக்கலாம், கொடுக்காமலும் பார்க்கலாம். வயித்துப் புண்ணு ஏதாச்சும் இருந்திருக்குங்களா?”

“எனக்கா? இரும்பு உடம்புங்க!”

“சரி, யோசிச்சுட்டு வாங்க.”

பக்கவாதத்தில் வாய் கோணிக் கிடந்து செத்த அண்ணன் கண்ணிலேயே நின்றார். ஆனால் மனுஷரிடம் யோசனை கேட்டால் கௌரவம் என்னாவது? சாமியிடம் கேட்டால் குற்றமில்லை. முனியப்பன் கோயிலில் கிடாயை நிறுத்தி, தண்ணீர் ஊற்றி, மனதுக்குள் கேட்டார். கிடாய் சிலிர்த்து உதறினால் உத்தரவு.

உதறியது. மேளம் முழங்கியது. “தலைவருக்கு உத்தரவாயிடுச்சு!” என்று கூட்டம் ஆர்ப்பரித்தது.

மனைவி ராமக்காள் காதருகே வந்தாள். “என்னான்னுங்க கேட்டீங்க?”

“மாத்திரை திங்கலாமா, வேணாமான்னு.”

“ரெண்டையும் சேத்துக் கேட்டா, கெடா எதுக்குன்னு ஒதறும்? பாவம், உங்க பஞ்சாயத்துல மாட்டுன மாதிரி முழிச்சிருக்கும்.”

மறுபடி கேட்கலாமென்றால், கிடாய் அதற்குள் குழம்பாகிவிட்டது.

மறுநாள் ராமக்காளே அவரை டாக்டரிடம் இழுத்துப் போனாள். உட்காருமுன்பே போட்டு உடைத்தாள். “முட்டி வலிக்குதுன்னு மெடிக்கல்ல மாத்திரை வாங்கி முழுங்குறாருங்க. அப்பப்ப வெளிக்கி தாரு மாதிரி கருப்பாப் போவுது. சொன்னா மானம் போயிடுமாம்.”

இரும்பு உடம்பு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“நல்லவேளை சொன்னீங்கம்மா,” என்றார் டாக்டர். “இது தெரியாம அந்த மாத்திரைய ஆரம்பிச்சிருந்தா வயித்துல ரத்தம் கொட்டியிருக்கலாம். இப்போதைக்கு வேணாம். வலி மாத்திரைய இன்னைக்கே நிறுத்துங்க, முதல்ல வயித்தப் பார்ப்போம். பேஸ்மேக்கரையும் விடாம சோதிப்போம். தாளம் தப்புற நேரம் நீண்டுச்சுன்னா மறுபடி மூணு பேரும் பேசி முடிவு பண்ணலாம்.”

வெளியே வந்ததும் பச்சியப்பன் தொண்டையைச் செருமினார். மந்திரி முதல் மைக்செட்காரர் வரை அத்தனை பேருக்கும் நன்றியுரை ஆற்றிய தொண்டை. “இந்த நல்ல நேரத்திலே...” என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தி, தோள் துண்டை இறக்கிக் கையில் எடுத்துக்கொண்டார்.

“நீ சொல்லலன்னா நான் போய்ச் சேந்திருப்பேன், ராமக்கா.”

“அட, மைக்கு இல்லாமக்கூடப் பேசுவீங்களா?” என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. “ஏறுங்க, பஸ்ஸு பொறப்படுது.”

ஜன்னலோர இடத்தை அவளுக்கு விட்டுவிட்டு, கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக, தலைவர் நடைவழிப் பக்கம் உட்கார்ந்தார்.