அறுபத்து நான்கு பைகள்

ஆபீசில் என் பெயர் யூனிட். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் ரீடிங் எடுப்பவன் நான். ஓடுகிற மீட்டரைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும், அது யார் வீட்டு மீட்டராக இருந்தாலும் சரி. ஒன்பது வருடத்தில் முதல்முறையாகக் குடும்பத்தோடு கடலோரத்துக்கு நான்கு நாள் கிளம்பினோம் என்றால், அதில் எங்கெங்கே பிடித்தம் செய்திருப்பேன் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் ஈ காக்கை வராது என்பதால் அறை பாதி விலை. முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினால் இன்னும் கொஞ்சம் குறைத்தார்கள், எக்காரணம் கொண்டும் திருப்பிக் கேட்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. சோப்பு, டீத்தூள், கெட்டில் எல்லாம் வீட்டிலிருந்தே.

"கடலையாவது அங்க போய்ப் பாத்துக்கலாமா, இல்ல அதையும் இங்கேயிருந்தே கட்டி எடுத்துக்கணுமா?" என்றாள் மனைவி.

என் தங்கை இரண்டு தெரு தள்ளி, ஃபிரிட்ஜ் இல்லாத ஒற்றை அறையில் கணவனோடு குடியிருக்கிறாள். கைக்குழந்தைக்காரி. வேலைக்குத் திரும்பும்போது உதவும் என்று தாய்ப்பாலை எடுத்து, சின்னச் சின்னப் பைகளில் தேதி எழுதி, எங்கள் ஃபிரீசரில் சேர்த்துவந்தாள். வேலைக்கு அவள் திரும்பவில்லை. மார்பில் கட்டி. மருந்து ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள், இனி பால் கொடுக்கக் கூடாது. பகலெல்லாம் பவுடர் பால், தூங்கப்போகும்போது மட்டும் ஒரு பை.

"இருக்கிற வரைக்கும் ஒரு வேளையாவது என் பாலக் குடிக்கட்டும்ணா. எனக்கு என்ன ஆகுமோ, யாருக்குத் தெரியும்?" என்றாள் என் முகத்தைப் பார்க்காமல்.

நாங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் நான்கு பைகளை எடுத்துப்போய் வீட்டுக்காரம்மாவின் ஃபிரிட்ஜில் வைத்துக்கொண்டாள். எங்களிடம் அறுபத்து நான்கு மிச்சம். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு டூப்ளிகேட் சாவி கேட்டாள். நாலு நாளுக்கு எதுக்கு வீண் செலவு என்றேன் நான். மனைவி ஃபிரிட்ஜ் ஸ்விட்ச்சின் மேல் டேப் ஒட்டி, "கை வைத்தால் கொலை" என்று எழுதினாள். அந்த ஸ்விட்ச்சை நான் தொடவில்லை. சத்தியமாகத் தொடவில்லை.

இரண்டாம் நாள் மதியம், வெளியே விடாத மழை. எங்கள் அறைக் கதவருகே சுவரில் ஒரு துளை இருந்தது. சாவியோடு தொங்கும் அட்டையை அதில் செருகினால்தான் விளக்கு எரியும், உருவினால் எல்லாம் அணைந்துவிடும். நான் சின்னப் பிள்ளை மாதிரி அதைச் செருகி உருவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எவனோ நம்மாளுதான் கண்டுபிடிச்சிருக்கான். வெளிய போனா ஒரு யூனிட் ஓடாது பாரு. நானும் அப்படித்தானே, கிளம்பும்போது மெயினையே இறக்கிட்டு..."

மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது. "என்ன பண்ணீங்க?"

வாசல் கதவுக்குப் பின்னால் மெயின் ஸ்விட்ச். ஒரு கையில் பெட்டி, வாயில் சாவி, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்ற பதற்றம். இன்னொரு கை பழக்கதோஷத்தில் தானாக மேலே போயிருக்கிறது. டக்கென்ற அந்தச் சத்தம் கேட்டதும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்ததுகூட இப்போது ஞாபகம் வந்தது. நேற்றுக் காலை ஆறு மணி. முப்பத்திரண்டு மணி நேரம் ஆகிவிட்டது.

"பூட்ட உடைக்கச் சொல்லுங்க! மரம் மாதிரி நிக்காதீங்க, போனப் போடுங்க!" மனைவி கத்தினாள்.

தங்கைதான் எடுத்தாள். "என்னண்ணா, கடல் எப்படி இருக்கு?"

எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. சொல்லி முடித்ததும் அவள் போனை வைக்காமலே எங்கள் வீட்டுக்கு ஓடினாள். குழந்தை அவள் இடுப்பில் சிணுங்குவது கேட்டது. கணவனைக் கூப்பிட்டாள், யாரிடமோ சுத்தியல் கேட்டாள். மருந்து ஏற்றிய உடம்பு, எங்கள் மாடிப்படியில் மூச்சு இரைத்தது. பிறகு இரும்பில் அடி மேல் அடி விழுந்தது. வாழ்க்கையில் நான் விலை பார்க்காமல் வாங்கிய ஒரே பொருள் அந்தப் பூட்டு. உடைஞ்சு தொலையேன், உடைஞ்சு தொலையேன் என்று சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றேன்.

கடைசியில் உடைந்தது. மாப்பிள்ளை மெயினைப் போட்டார். ஃபிரிட்ஜ் உறும ஆரம்பித்தது எனக்கே கேட்டது. ஃபிரீசர் கதவு திறந்த சத்தம்.

"சொல்லும்மா."

"எல்லாமே இளகிடுச்சுண்ணா."

"இப்பத்தான் கரெண்ட் வந்துடுச்சே, மறுபடி உறைஞ்சிடும்ல?"

"ஒரு தடவ இளகினா மறுபடி உறைய வைக்கக் கூடாதுன்னு நர்ஸ் சொல்லியிருக்காங்க." பைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறாள் போலிருந்தது. "இன்னும் கொஞ்சம் சில்லுன்னுதான் இருக்கு. இன்னைக்குள்ள குடுத்துடணும்."

அறுபத்து நான்கு ராத்திரிக்கு வைத்திருந்தது, ஒரே நாளில், அந்தச் சின்ன வயிற்றுக்குள். காலமெல்லாம் கணக்குப் போட்ட என் மண்டையில் இந்தக் கணக்கு ஏறவே இல்லை.

குழந்தை வீறிட்டு அழுதது. கொஞ்ச நேரத்தில் அழுகை சட்டென்று நின்றது. மடக் மடக்கென்று விழுங்குகிற சத்தம் மட்டும் வந்தது. என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"குடிக்கிறானா?" என்று கேட்டேன்.

"குடிக்கிறான்."

"நான் இப்பவே கிளம்பி வரேன்மா."

"வந்து?" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். "கட்டின காசத் திருப்பித் தர மாட்டாங்கன்னு சொன்னியே. இருந்துட்டே வாண்ணா."