ஒரு நிமிடத்தில் ஒன்றரை நிமிடம்

கத்திரிக்காரி என்றுதான் அலுவலகத்தில் அவளைக் கூப்பிடுவார்கள், முகத்துக்கு நேராகவே. அவளும் கோபித்துக்கொண்டதில்லை. செய்கிற வேலை அப்படி. தூரத்துக் கிரகத்தில் குடியேறினவர்களுக்கு, இங்கே இருக்கிற சொந்தக்காரர்கள் மாதம் ஒருமுறை பேசி அனுப்பலாம். ஆளுக்கு ஒரு நிமிடம். ஒரு நொடி கூடினாலும் கருவி ஏற்றுக்கொள்ளாது. ஜனங்கள் கடிகாரத்தைப் பார்த்தா பேசுகிறார்கள்? "அப்புறம்... வேற என்ன..." என்று இழுப்பார்கள், செருமுவார்கள், மூக்கை உறிஞ்சுவார்கள். அதையெல்லாம் நறுக்கித் தள்ளிவிட்டு வார்த்தைகளை மட்டும் ஒட்டி அனுப்புவதற்குத்தான் இவளுக்குச் சம்பளம். வெட்டுகிற விஷயம் அங்கே கேட்கிறவர்களுக்குத் தெரியாது; சொல்லவும் கூடாது.

பன்னிரண்டு வருஷமாக அதே நாற்காலி, அதே ஹெட்ஃபோன், ஜன்னல் இல்லாத அதே அறை. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் பேச்சுத்துணைக்கு ஈ காக்கை கிடையாது. காலையில் குடித்த டம்ளர் மேஜையில் வைத்தபடியே இருக்கும். அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது ஒரே ஒரு அண்ணன், அவனும் அந்தக் கிரகத்தில்.

மாதத்தில் அந்த ஒரு நிமிடத்தை நம்பித்தான் மற்ற நாட்களை அவள் தள்ளினாள். அதனால் அண்ணனுக்குப் போகிற பேச்சில் மட்டும் தன் கைவரிசை முழுவதையும் காட்டுவாள். மூச்சு வாங்குகிற இடம், எச்சில் விழுங்குகிற இடம், சிரிப்பு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒன்றரை நிமிடப் பேச்சை ஒரு நிமிடத்துக்குள் அடைத்துவிடுவாள். வேறு யாருக்கும் கிடைக்காத அரை நிமிடம் தன் அண்ணனுக்குக் கிடைக்கிறதே என்று அப்படி ஒரு பெருமை. அடி பைத்தியக்காரி!

இங்கே பேசியது அங்கே போய்ச்சேர நாலரை வருஷம். அங்கிருந்து வரவும் நாலரை. ஆனாலும் இரண்டு பக்கமும் விடாமல் அனுப்பிக்கொண்டிருந்ததால் மாதம் தவறாமல் அண்ணன் குரல் வந்துகொண்டிருந்தது. அந்த மாதமும் வந்தது.

"பாப்பா... உன்னை அப்படிக் கூப்பிடலாமான்னே தெரியல. இங்க ஒரு பேச்சு ஓடுது. அங்க யாருமே உயிரோட இல்லையாம். எங்களுக்கு மனசு ஒடிஞ்சிடக் கூடாதுன்னு ஒரு மெஷின்தான் உங்க குரல்ல பேசுதாம். போங்கடான்னு நான் சண்டை போட்டேன். ஆனா எத்தனை தடவை கேட்டாலும் நீ மூச்சே விடமாட்டேங்கறியேடி. சின்ன வயசுலேர்ந்து உனக்கு இழுப்பு. நாலு வார்த்தைக்கு ஒருதரம் நிறுத்தி மூச்சு வாங்குவ. அது எங்க போச்சு? இன்னும் ஒரே ஒரு மாசம் பாக்கறேன். அதுவும் இப்படியே வந்தா, என் முறையை வேற யாருக்காவது கொடுத்துடறேன். செத்த தங்கச்சி குரல்ல மெஷின் பேச, உக்காந்து கேக்க என்னால முடியாது."

அவள் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தாள். எழுந்து போய், செய்திகளை வானத்துக்கு ஏற்றி அனுப்புகிற ஆபரேட்டர் முன்னால் நின்றாள்.

"சார், அனுப்பினதைத் திரும்ப வாங்க முடியுமா?"

"எதை?"

"வழியில இருக்கறதை."

"வெளிச்சத்தோட வேகத்துல போறதும்மா. கையைக் காட்டி நிறுத்த அது என்ன பஸ்ஸா?" என்றவர், அவள் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எத்தனை இருக்கு?"

"அம்பத்து நாலு."

அவர் பேனாவை மூடி வைத்தார். அண்ணன் சொன்ன அந்த ஒரு மாதக் கெடு நாலரை வருஷத்துக்கு முன்பே முடிந்துபோன கதை. அவன் காத்திருந்த பேச்சையும் இவள் பொடிப்பொடியாக நறுக்கித்தான் அனுப்பியிருந்தாள்.

அந்த மாதம் அவள் பேசவில்லை. கேட்க ஆளே இல்லாத இடத்துக்கு யாரை நினைத்துப் பேசுவது?

அடுத்த மாதம், செய்தி வந்திருக்கிறது என்று அவள் எண்ணுக்கு நேரே விளக்கு எரிந்தது. ஹெட்ஃபோனை மாட்டினாள். முன்பின் தெரியாத ஓர் ஆண்குரல்.

"அம்மா, நான் இங்க தண்ணிக் குழாய் ரிப்பேர் பண்றவன். உங்க அண்ணன் தன் முறையை எனக்குக் கொடுத்துட்டாரு. எனக்கு அங்க யாரும் கிடையாது, அதான் வாங்கிக்கிட்டேன். நீங்க மனுஷியோ மெஷினோ, எனக்கு எல்லாம் ஒண்ணுதான். நீங்க பாட்டுக்குப் பேசுங்க. ஒரு விஷயம் மட்டும் சொல்லிடறேன். உங்க அண்ணன் எனக்குப் பக்கத்து ரூம். உங்க குரலை நான் போட்டதுமே எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கிறாரு. தொந்தரவா இருந்தா சவுண்டைக் குறைச்சுக்கறேன் சார்னு சொன்னேன். வேணாம், இருக்கட்டும்னாரு உள்ளேர்ந்து."

கத்திரிக்காரி வாய்விட்டு அழுதாள். பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். வழியில் இருக்கிற அத்தனையும் போய்த் தீருகிற வரைக்கும், இன்னும் நாலரை வருஷம், அண்ணன் அந்தக் கதவுக்குப் பின்னால் செத்த தங்கச்சியைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். உயிரோடு இருக்கிற தங்கச்சி இங்கே உட்கார்ந்திருப்பாள். யாராலும் ஒன்றும் செய்வதற்கில்லை.

மைக்கை இழுத்து வைத்துக்கொண்டாள். அழுத அழுகையில் இழுப்பு வேறு வந்துவிட்டிருந்தது.

"குழாய்க்காரரே," என்றாள். "இதை மட்டும் கொஞ்சம்... அந்தக் கதவுகிட்ட வச்சுப் போடுங்க."

அதற்குமேல் வார்த்தை வரவில்லை. மீதி ஐம்பது நொடியையும் அவள் வெட்டாமல் அப்படியே அனுப்பினாள்.