ஓட்டை இல்லை

போனிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு செய்தியையும் நடுவழியில் மடக்கி, பிரித்துப் படித்து, மறுபடி ஒட்டி அனுப்பிக்கொண்டிருந்தாள் பூட்டுக்காரி. ஆபீசில் அவளுக்கு அதுதான் பெயர். அடுத்தவர்களின் ஆப்களில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிச் சொல்வது அவள் பிழைப்பு. அதற்கு அவள் வைத்திருந்த கருவி இலவசம். யார் வேண்டுமானாலும் எடுத்து உள்ளே பிரித்துப் பார்க்கலாம், பிழை கண்டால் திருத்தியும் அனுப்பலாம். அவளே திருத்தம் அனுப்பியிருக்கிறாள். விலை கொடுத்து வாங்கும் கருவிகளைப் பற்றி யாராவது பீற்றிக்கொண்டால், "பொட்டி பளபளன்னு இருந்தா போதுமா, உள்ள சரக்கு வேணாமா?" என்று வாயை அடைத்துவிடுவாள்.

அன்று அவள் முன் இருந்தது, வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் கம்பெனியின் ஆப். அவள் வீட்டுக்காரரும் அந்தக் கம்பெனிக்குத்தான் பைக் ஓட்டினார். போன முறை சோதித்தபோது அவள் கறாராக எழுதிக் கொடுத்திருந்தாள்: நடுவில் ஆள் உட்கார்ந்து படிக்கும் போனை ஆப் கண்டுபிடிக்க வேண்டும், அந்த ஓட்டுநரை நிரந்தரமாகத் தடுக்க வேண்டும், தடையை நீக்கும் வழி எவர் கையிலும் இருக்கக் கூடாது. இருந்தால் கையூட்டு வாங்கிக்கொண்டு திறந்து விடுவார்கள் அல்லவா? கம்பெனி ஒரு வரி விடாமல் அதைச் செய்துவிட்டது. செய்ததைச் சரிபார்ப்பதுதான் இப்போதைய வேலை.

சோதனைக்கென்று ஆபீசில் இருந்த போன் பேட்டரி உப்பி டிராயரில் கிடந்தது. புதிது கேட்டதற்கு மேலாளர், "வீட்டுல ஒரு போன் இல்லாமயா இருக்கும்? சமாளிங்க மேடம்," என்று சொல்லிவிட்டார். வீட்டுக்காரருக்கு அன்று ஓய்வு. அவர் போனை வாங்கி வந்து, தன் கருவியின் சான்றிதழை அதில் ஏற்றியிருந்தாள். அது ஏறினால்தான் நடுவில் இருப்பவரைப் போன் தன் ஆள் என்று நம்பும். சோதனை எல்லாம் ஆப்பின் நகலில்தான் நடந்தது. நகலில் தடை விழுந்தால் ஒரு பொத்தானில் நீக்கிவிடலாம்.

மதியம் வீட்டுக்காரர் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். "இன்னிக்கு ஆள் பத்தலையாம், கூட்டாளி வந்து சொன்னான். போனைக் குடும்மா, ஒரு சுத்து போய்ட்டு வந்துடறேன்."

மேலே ஆபீஸ் கூட்டம் ஒன்றைப் பாதியில் விட்டு வந்திருந்தாள். ஓடிப் போய் வயரைப் பிடுங்கிப் போனைக் கொண்டுவந்து கொடுத்தாள். சான்றிதழை எடுக்கவில்லை. அவர் அங்கேயே நின்று, நகலை அல்ல, நிஜ ஆப்பைத் திறந்தார். திரை சிவந்தது.

"என்னம்மா இது, மோசடின்னு போட்டிருக்கான்?" திரையை அவள் பக்கம் திருப்பினார்.

அவள் எட்டிப் பார்த்தாள். "ஐயோ, என் தப்புங்க! நான் வெச்சத எடுக்காமயே குடுத்துட்டேன்."

"இத்தனை வருஷத்துல என் மேல ஒரு புகார் கிடையாது. மோசடியாம்ல!"

"இருங்க, இருங்க. அந்தப் பூட்டே நான் சொல்லிப் போட்டது. எனக்குத் திறக்கத் தெரியாதா? இங்கயே நில்லுங்க, இதோ வரேன்."

மேலாளரிடம் ஒளிக்காமல் சொன்னாள். அவர் கம்பெனியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"புடிச்சிடுச்சா? அட சூப்பர்!" என்றது கம்பெனிப் பெண்ணின் குரல். "நிஜத்துல ஒருத்தர் மாட்டினது இதுதான் முதல் தடவை."

"மாட்டலைங்க, நான்தான் மாட்டி விட்டேன். அவர் ஒரு பாவமும் அறியாதவர்."

"புரியுது மேடம். ஆனா திறக்கற வழியே எங்க கைல இல்லையே. நீங்கதான வேணாம்னு எழுதினீங்க?"

"புதுசா சேத்துக்குங்க."

"அதே முகம், அதே அடையாள அட்டை. விடாது. ஒண்ணு பண்ணுங்களேன். அந்தப் போன வெச்சே தடையை உடைக்கப் பாருங்க. அனுமதி குடுக்கறேன். உடைஞ்சா அவர் ஓட்டட்டும், நாங்க ஒண்ணும் சொல்லல. உடையலன்னா அப்படியே எழுதிக் குடுங்க."

"போதும்," என்றாள் பூட்டுக்காரி. கீழே போய்ப் போனை வாங்கி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கை துறுதுறுத்தது. இதைவிடக் கெட்டியான எத்தனையோ ஆப்களை அவள் பிரித்து மேய்ந்திருக்கிறாள்.

ஆப்பை அழித்துப் புதிதாக ஏற்றினாள். போனின் அடையாளத்தை மாற்றிச் சொன்னாள். பழைய ஆப்பாக நடிக்க வைத்தாள். ஒன்றும் வேகவில்லை. பிறகு, கம்பெனியின் சர்வர் அனுப்பும் 'தடுக்கப்பட்டவர்' என்ற பதிலை நடுவிலேயே மடக்கி 'அனுமதி' என்று திருத்தி அனுப்பினாள். திரையில் சிவப்பு போய் வரைபடம் விரிந்தது. "வாடா வழிக்கு!" என்று கத்திவிட்டாள். பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். வரைபடத்தில் அவர் பைக் மட்டும் நின்றது. பார்சல் ஒன்றுகூட விழவில்லை. போனைத்தான் ஏமாற்ற முடிந்தது, அந்தப் பக்கம் சர்வருக்கு எல்லாம் தெரிந்தே இருந்தது. மீண்டும் சிவந்தது.

கருவி தன் பங்குக்கு எல்லாக் கதவையும் தட்டி முடித்து, பூட்டு கெட்டி என்று வரிசையாகப் பச்சை காட்டியது. இடைவெளியே விடாமல் எழுதிக் கொடுத்தது அவள்தானே. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஓட்டினாள். அதே பச்சை.

"என்ன மேடம், ஓட்டை இல்லன்னு போட்டுடலாமா?" மேலாளர் பின்னால் வந்து நின்றிருந்தார்.

"ஆமா சார்," என்றாள். "ஓட்டை இல்ல."

அப்படியே தட்டி அனுப்பினாள். உடனே கம்பெனியிலிருந்து பதில் வந்தது. மேலாளர் உரக்கப் படித்தார்: "மிக நேர்த்தியான வேலை. எங்கள் எல்லா ஆப்களையும் இனி இவரே சோதிக்க வேண்டும்." ஆபீஸ் முழுக்கக் கைதட்டியது. ஒருவர் அவள் தோளில் தட்டிக் கொடுத்தார்.

போனை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். படியில் அவளைக் கண்டதுமே வீட்டுக்காரர் பார்சல் பையை முதுகில் மாட்டிக்கொண்டார். பைக்கை ஸ்டார்ட் செய்தார்.

"எனக்குத் தெரியும்மா, நீ கை வெச்சா முடியாம இருக்குமா!" என்று சிரித்தபடி போனுக்குக் கையை நீட்டினார்.