ஆத்தா காசுக்கு வட்டம்

எங்க வீட்டு மனுசன் சோலையப்பனுக்குப் பானை வனையத் தெரியும், சண்டை போடத் தெரியும். வெலை வைக்க மட்டும் தெரியாது. நான் வாயத் தொறந்தா, "பிச்சையம்மா, நீ அடுப்பப் பாரு"ம்பாரு.

எங்க ஊரு புதுக்கோட்டை ராசா சீமை. எல்லையத் தாண்டுனா அறந்தாங்கி, வெள்ளக்காரன் சீமை. இங்கிட்டு அம்மன் காசு, அங்கிட்டு அணா. இருபது காசுக்கு ஒரு அணான்னு ரெண்டு பக்கமும் மாத்திக்கிட்டிருந்தோம். அந்த வருசம் நவராத்திரிக்கு அரமனையில அரிசியோட காசையும் அள்ளி அள்ளிக் குடுத்தாங்க. ஊரெல்லாம் காசாப் போச்சு. அறந்தாங்கிக் கடைக்காரங்க, இருபத்தஞ்சு காசு குடுத்தாத்தான் ஒரு அணான்னுட்டாங்க. காசுக்கு வட்டம் புடிக்கிறதுன்னு அதுக்குப் பேரு.

மனுசனுக்கு வந்துச்சே கோவம்! காசுல எங்க அம்மன் பிரகதாம்பா உக்காந்திருக்கா இல்ல? "எவன்டா ஆத்தாளுக்கு வட்டம் புடிக்கிறவன்? என் பானை எப்பவும் இருபது காசுதான்!"னு நடுச்சந்தையில சத்தியமே பண்ணிட்டாரு. மத்தவங்க எல்லாம் சத்தமில்லாம இருபத்தஞ்சுக்கு ஏத்திட்டாங்க.

அறந்தாங்கி வண்டிக்காரங்க என்ன ஏமாளியா? சந்தை வாசல்லயே அணாவைக் குடுத்து இருபத்தஞ்சு காசா மாத்துனாங்க. இருபதை இவரு கையில வச்சுப் பானைய எடுத்துக்கிட்டு, மிச்சம் அஞ்சை மடியில முடிஞ்சுக்கிட்டாங்க. பானை வண்டி வண்டியாப் போச்சு. சூளை அணையவேயில்ல. நானும் மக செவந்தியும் மண்ணு மிதிச்சுக் காலு வீங்கிக் கெடந்தோம். இவரு மீசையத் தடவிக்கிட்டு, "பாத்தியாடி, ஆத்தா அள்ளிக் குடுக்குறா"ங்குறாரு.

"ஆத்தா எங்க குடுத்தா? நீங்கதான் அறந்தாங்கிக்கு அள்ளிக் குடுக்குறீங்க"ன்னேன். காதுல வாங்கணுமே!

தையில செவந்திக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அறந்தாங்கி. பொறந்ததுலேருந்து மண்பானையே பாத்த புள்ள, சீருக்கு ஒரே ஒரு பித்தளைக் குடம் கேட்டுச்சு. நம்ம சந்தையில பித்தளை ஏது? இவரு காசு மூட்டையத் தூக்கிக்கிட்டு அறந்தாங்கிப் பாத்திரக்கடைக்குப் போனாரு. இருபதுன்னு கணக்குப் போட்டுக் கட்டுன மூட்டை, அங்க இருபத்தஞ்சுன்னு எண்ணுனாப் பத்துமா? கடைக்காரனோட மல்லுக்கட்டிட்டு வெறுங்கையோட வந்து நின்னாரு. செவந்தி சூளைக்குப் பின்னாடி போயி அழுதுச்சு. அன்னைக்கு ராத்திரி இவருக்குச் சோறு எறங்கல.

கல்யாணம் முடிஞ்சு, இவரே வனைஞ்ச மண்குடத்தோட மகளைக் கொண்டுபோயி விட்டோம். ஊரையே கத்தி எழுப்புற மனுசனுக்கு அங்க குரலே எழும்பல. "சம்பந்தியம்மா, ஒங்க ஊருல எங்க காசுக்குத்தான் வட்டம் புடிக்கிறாங்க. எங்க பொண்ணுக்கும் புடிச்சுறாதீங்க"ன்னாரு.

சம்பந்தி அழகம்மா விறுவிறுன்னு உள்ள போயி, பளபளன்னு ஒரு பித்தளைக் குடத்தைக் கொண்டாந்து செவந்தி இடுப்புல வச்சாங்க.

"இது ஒங்க குடந்தான், சம்பந்தி. ஒங்க பானைய ஏத்துன வண்டியில ஒண்ணு எங்க அண்ணனோடது. பானைக்கு அஞ்சு காசா மிஞ்சுனதைச் சேத்து வாங்குனோம். ஒங்க பொண்ணுக்குச் சேர வேண்டியதுதானே?"

இவரு குடத்தையே பாத்துக்கிட்டு நின்னாரு. எனக்குச் சொல்லணும்னு நாக்கு துறுதுறுத்துச்சு, ஆனா மகளப் பாத்தேன், அடக்கிக்கிட்டேன்.

அடுத்த சந்தையில மொதப் பானைக்கு ஆளு வந்துச்சு. இவரு மடியிலேருந்து ஒரு காசை எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு.

"கோவிச்சுக்காத ஆத்தா"ன்னு முணுமுணுத்துட்டு, நிமிந்து சொன்னாரு, "பானை இருபத்தஞ்சு."