கட்டைவிரலுக்கு வந்த கேடு

உடற்பயிற்சி டீச்சர் வகுப்பு நடக்கும்போது போனைப் பார்த்ததே இல்லை. ஆடிக்கொண்டே, இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் போனைக் கட்டைவிரலால் ஒரு தட்டு. அடுத்த பாட்டு வந்துவிடும். ஐந்து வருஷப் பழக்கம்.

அந்தப் பழக்கத்தில் மண்ணைப் போட்டது கூடப் பிறந்த தம்பி. அக்கா போனில் இருக்கும் பாட்டுச் செயலியைத் தயாரிக்கும் கம்பெனியில், எந்தப் பொத்தானை எங்கே வைப்பது என்று முடிவு செய்யும் வேலை அவனுக்கு. அதற்கும் சம்பளம் கொடுக்கிறார்கள், என்ன செய்ய.

சனிக்கிழமை காலை குடியிருப்புச் சங்கக் கூடத்தில் மாதிரி வகுப்பு. பெண்களுக்குப் பிடித்தால் ஒரு வருஷத்துக்குக் கூடம் டீச்சருக்கு, இல்லையென்றால் யோகாக்காரிக்கு. அவளும் தற்செயலாக வந்தவள்போல வாசல் பக்கம்தான் நின்றிருந்தாள்.

முப்பது பேர் குதித்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் தட்டினார். அடுத்த பாட்டுக்குப் பதில், குழந்தையைத் தூங்கவைக்கிற புல்லாங்குழல். தூக்கிய காலை இறக்குவதா வேண்டாமா என்று முப்பது பேரும் விழித்தார்கள். மறுபடி தட்டினார், மழைச் சத்தம். சங்கச் செயலாளரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மேல்மாடியில் குடியிருக்கும் தம்பியைக் கூப்பிட்டதும் லுங்கியோடு ஓடிவந்தான். ராத்திரிதான் செயலியின் புது வடிவம் வந்ததாம். 'அடுத்தது' இருந்த இடத்தில் இப்போது 'ஓய்வு' இருக்கிறதாம்.

"ரெண்டு நாள்ல பழகிடும்க்கா."

"எனக்கு ரெண்டு நிமிஷந்தான்டா இருக்கு."

சரி, நானே போடுகிறேன் என்று கையோடு கொண்டுவந்த தன் டேப்லெட்டைத் திறந்தான். அதே செயலி, அதே கம்பெனி. வலது ஓரத்தில் கெத்தாகத் தட்டினான். பாட்டு முதலிலிருந்து ஆரம்பித்தது. இன்னொரு தட்டு, ஓசையே போயிற்று. மடிக்கணினியில் பொத்தான் மேலே இருக்குமென்று முணுமுணுத்தான்.

"ஒவ்வொண்ணையும் ஒவ்வொரு குழு பண்ணுதுக்கா."

"ஏன், நீங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கவே மாட்டீங்களா?"

முன்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கி இருமினார்கள். செயலாளரம்மா மட்டும் சிரிக்கவில்லை. யோகாவுக்குப் பாட்டே தேவைப்படாதே என்று பொதுவாகச் சொல்லிவைத்து, கூடத்துச் சாவியை வாசல் பக்கம் நீட்டினார். யோகாக்காரி ஒன்றும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

டீச்சர் கூடத்தை விட்டுக் கிளம்பும்போது தம்பி பின்னாலேயே வந்தான்.

"எல்லாத்துலயும் ஒரே இடத்துல வைக்கணும்னு நானும் எழுதிக் கொடுத்திருக்கேன்க்கா. அடுத்த வருஷம் சரியாயிடும்."

டீச்சர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நல்லது. கூடமும் அப்பதான்டா காலியாகும்."