யெரிட்சா தனியாகப் போன பாதை

எங்கள் பள்ளத்தாக்கில் எனக்குத் தெரியாத பாதையே கிடையாது என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தவள் நான். மலைச் சங்கத்துக்காக முப்பத்தொரு வருஷம் சிவப்பு வட்டமும் நடுவில் வெள்ளைப் பொட்டும் வரைந்து ஊருக்கே வழி காட்டியிருக்கிறேன். மரத்தில், பாறையில், மாட்டுத்தொட்டியில்கூட வரைந்திருக்கிறேன். அந்தத் திமிரை என் தங்கை ஒரே பேச்சில் இறக்கிவிட்டாள்.

"அக்கா, நான் தனியா போய்ட்டு வர மாதிரி ஒரு காட்டுப்பாதை கண்டுபிடிச்சுக் குடு."

யெரிட்சாவுக்கு ஐம்பத்து நாலு வயது. ஆறு வருஷமாக நரம்பு வியாதி. கால் போய்விட்டது, ரெண்டு வருஷமாகச் சக்கர நாற்காலிதான். கை நன்றாக இருக்கிறது. வாய் அதைவிட நன்றாக இருக்கிறது.

"தனியான்னா?"

"தனியான்னா தனியாத்தான். நீ இல்லாம."

சுருக்கென்று தைத்தது. காலையில் எழுப்பி உட்கார வைப்பதிலிருந்து ராத்திரி போர்வை போர்த்துவது வரை நான்தானே? "நான் என்னடி பண்ணேன் உனக்கு?" என்றேன்.

"எல்லாத்தையும் நீதான் பண்றே, பாவ்லா. அதான் சொல்றேன். ரெண்டு வருஷமா என் முதுகுக்குப் பின்னாடி யாராவது மூச்சு விட்டுக்கிட்டே இருக்கீங்க. ஒரே ஒரு மணி நேரம் ஆளில்லாம மரத்துக்கு நடுவுல இருக்கணும். முடியாதுன்னா விடு. இனிமே காடு, மலைன்னு என்கிட்ட பேச்சே எடுக்காதே. நான் இந்த வீட்டுக்குள்ளேயே கிடக்கிறேன்."

சொன்னால் செய்கிறவள். போன வருஷம் கடைசியில், "இது நல்ல பாதைதான், வாடி" என்று நான் கூட்டிப்போன இடத்தில் நாற்காலி கவிழ்ந்தது. சங்கத்து ஆட்கள் ஆறு பேர் அவளை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அதற்குப் பிறகு தபால் ஆபீஸைத் தாண்டி அவள் எங்கேயும் வரவில்லை. இந்தத் தடவையும் சொதப்பினால் அவ்வளவுதான், கதவைச் சாத்திக்கொள்வாள் என்று எனக்குத் தெரியும்.

சங்கத்து ஆட்களைக் கேட்டேன். எங்கள் ஜனங்களுக்கு ஒரு வியாதி உண்டு. இரும்புக் கம்பியைப் பிடித்து ஏற வேண்டாத பாதை எல்லாம் அவர்களுக்கு உலாவுகிற இடம். "அட, அது கைக்குழந்தையைத் தள்ளிக்கிட்டே போகலாமே!" என்றான் ஒருத்தன். போய்ப் பார்த்தால் வேர் வேராக முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது. "தரை மாதிரி இருக்கும்" என்றாள் இன்னொருத்தி. தரை மாதிரிதான் இருந்தது, நாற்பது படி ஏறின பிறகு. படியை ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "அது படிதானே?" என்றாள். அறைந்திருப்பேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பழைய நாற்காலியை இரவல் வாங்கி, நானே அதில் உட்கார்ந்து உருட்டிப் பார்க்க ஆரம்பித்தேன். முதல் நாளே பள்ளத்தில் விழுந்தேன். உள்ளங்கை தோல் உரிந்தது. நடக்கும்போது தெரியவே தெரியாத சரிவெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தால் பூதாகரமாகத் தெரிந்தது. பத்துப் பாதை தோற்றது. பதினோராவதாகத்தான் மேட்டுக்காட்டுச் சதுப்பைச் சுற்றிவரும், வெட்டின மரம் ஏற்றிப்போன பழைய வண்டித் தடம் கிடைத்தது. கெட்டியான மண், சமதளம், காரை நிறுத்துகிற இடத்திலிருந்தே ஆரம்பம். மூன்று தடவை உருட்டிச் சுற்றிவந்தேன். "தடங்கல் எதுவும் இல்லை" என்று நோட்டில் எழுதிக் கீழே கோடு வேறு போட்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் யெரிட்சாவைக் கூட்டிப்போனேன். முதல் வளைவு வரைக்கும் கூட வருகிறேன் என்று கெஞ்சி சம்மதம் வாங்கியிருந்தேன். அவள் கை வேகமாகச் சுற்றியது. ஊசியிலை வாசனையை மூக்கு விரிய இழுத்தாள். வளைவு வந்தது. நின்றாள்.

எதிரே மேய்ச்சல் வேலி. வேலியில் ஆள் நுழைகிற இடைவெளி. கோடையில் மேலே வருகிற மாடு தாண்டிவிடக் கூடாதென்று மூன்று கம்பத்தைக் குறுக்கும் மறுக்குமாக நட்டது. மனுஷன் உடம்பைத் திருப்பிப் புகுந்துவிடுவான், மாட்டுக்கு முடியாது. சக்கர நாற்காலிக்கும் முடியாது.

"அக்கா, நீ மூணு தடவை நாற்காலியில உட்கார்ந்து சுத்தினதா சொன்னியே?"

"சுத்தினேன்டி. சத்தியமா."

"இதை எப்படித் தாண்டினே?"

யோசித்தேன். வேர்த்துவிட்டது. வேலி வந்ததும் எழுந்திருக்கிறேன். நாற்காலியைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டிருக்கிறேன். பக்கவாட்டில் புகுந்து, மறுபடி உட்கார்ந்து உருட்டியிருக்கிறேன். மூன்று தடவையும்! சின்ன வயதிலிருந்து இந்த மாதிரி ஆயிரம் வேலி நுழைந்த உடம்பு, மூளையைக் கேட்கவே இல்லை. அதைவிடக் கேவலம், அந்தக் கம்பத்தை நட்டதே நான்தான்.

யெரிட்சா சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வர, நாற்காலி குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது, தண்ணீர் நிற்கவில்லை.

"கீழே புல் அறுக்கிறவங்க ரெண்டு பேரைக் கூப்பிடட்டுமா? ஒரு நிமிஷ வேலை, தூக்கி வெச்சிருவாங்க," என்றேன் அவசரமாக.

"தூக்கறதா?" மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அன்னிக்கு ஆறு பேர் தூக்கினாங்களே, எனக்குப் பாடம் சொல்லிக் குடுத்த வாத்தியாரும் அதுல ஒருத்தர். வழியில எல்லாரும் தக்காளி விலையைப் பத்திப் பேசிக்கிட்டு வந்தாங்க. நல்லவங்கதான், எனக்குக் கூச்சமா இருக்கக் கூடாதுன்னு பேசினாங்க. ஒருத்தர்கூட என் முகத்தைப் பார்க்கலை. வீட்டுக்குப் போகலாம், அக்கா."

அவளை வீட்டில் விட்டுவிட்டு அன்றைக்கே திரும்பி ஏறினேன். அந்த மேய்ச்சலுக்கு மாட்டுக்காரர் காஷ்பர். எழுபது வயது, பேச்செல்லாம் குத்தல். நான் ரம்பத்தோடு கம்பத்தை நெருங்கியதும் குடிசையிலிருந்து ஓடிவந்தார்.

"ஏம்மா, பைத்தியம் பிடிச்சிருச்சா? போன தடவை நீதானே நட்டே!"

"நட்ட கை வெட்டுது. என் தங்கச்சியோட நாற்காலி போகணும், தள்ளுங்க அண்ணே."

"வெட்டினா மாடு சதுப்புல இறங்கும். நாலு வருஷம் முன்னாடி ஒரு கன்னுக்குட்டியை இழுத்துப் போட்டது பொணமாத்தான். உன் தங்கச்சியும் முக்கியம், என் மாடும் முக்கியம்."

ரம்பத்தைக் கீழே போட்டேன். புல்லில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமே இல்லாமல், ஓவென்று. அவர் பயந்துபோய் களியும் புளித்த பாலும் கொண்டுவந்து வைத்தார். நான் சாப்பிடுகிறவரை வேலியையே முறைத்துக்கொண்டு நின்றார். அப்புறம், "உட்கார்ந்தா அவ கை எவ்வளவு உயரம் வரும்?" என்று கேட்டார்.

ரெண்டு பேருமாகச் சேர்ந்து செய்ய ரெண்டு நாள் ஆயிற்று. கம்பம் இருந்த இடத்தில் அகலமான ஒற்றைக் கதவு. தாழ்ப்பாள் இடுப்புக்குக் கீழே. தள்ளினால் திறக்கும். கயிற்றில் தொங்குகிற கல் அதைத் தானாகவே இழுத்துச் சாத்தும். நாற்காலியில் உட்கார்ந்து சோதித்தேன். இந்தத் தடவை கால் ரெண்டையும் பெல்ட்டால் சேர்த்துக் கட்டிக்கொண்டேன். காஷ்பர் சிரித்த சிரிப்பில் மாடெல்லாம் திரும்பிப் பார்த்தது.

யெரிட்சாவை மறுபடி மலைக்கு ஏற்ற நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வந்தாள். கதவை ஒரு கையால் தள்ளினாள், போனாள். அது அவள் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது. "ஒரு மணி நேரம்," என்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு மணி நேரம் ஆயிற்று. அதற்கு மேலே பத்து நிமிஷம். இருபது. வேலியோரமாகக் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன்.

"உட்காரும்மா, புல்லு தேயுது," என்றார் காஷ்பர்.

இருபத்தைந்தாவது நிமிஷம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். பத்தடி நடந்திருப்பேன். விழுந்து கிடப்பாளோ என்று ஒரு பயம். அவளுக்கு நான் வேண்டவே வேண்டாமோ என்று இன்னொரு பயம். எது பெரிது என்று கேட்டால், வெட்கத்தோடு சொல்கிறேன், ரெண்டாவதுதான். அது புரிந்ததும் நின்றுவிட்டேன். திரும்பி வந்து வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

மேலும் கால் மணி நேரம் கழித்து வந்தாள். முழங்கை வரை சேறு. சக்கரத்தில் பாசி. முகம் சிவந்திருந்தது.

"என்னடி ஆச்சு?"

"ஓரத்துல இறக்கிப் பார்த்தேன், சிக்கிக்கிச்சு. ரொம்ப நேரம். உன்னைக் கூப்பிடலாம்னு வாயைத் திறந்தேன்."

"கூப்பிட்டிருக்கலாமே! ஓடி வந்திருப்பேனே!"

"தெரியும். அதான் மூடிக்கிட்டேன். ஒரு கட்டையைக் குடுத்து நெம்பி நானே வெளியே வந்துட்டேன், பாவ்லா. நானே." மூச்சு வாங்கினாள். "வா, உனக்கு ஒண்ணு காட்டணும்."

அவள் முன்னால் உருட்டிப் போனாள். என் கை தன்னாலே நாற்காலியின் கைப்பிடிக்குப் போனது. "கை!" என்றாள். கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன்.

சிக்கின இடத்தில் நின்றாள். "குனி. இன்னும் குனி. என் உயரத்துக்கு வா." ஈரத்தில் மண்டியிட்டேன். கோரைக்கு நடுவே, நின்றால் தெரியாத ஒரு பொந்து மாதிரி இடத்தில், உள்ளங்கை அளவு பறவைக் கூடு. உள்ளே நாலு குஞ்சு வாயைப் பிளந்துகொண்டிருந்தது. எத்தனையோ தடவை அந்த வழியே நடந்திருக்கிறேன், ஒரு நாளும் பார்த்ததில்லை.

அவள் தோள் என் தோளில் பட்டுக்கொண்டிருந்தது. தாய்ப்பறவை வந்து ஊட்டிவிட்டுப் போனது, மறுபடி வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து யெரிட்சா மெதுவாக, "சரி, இப்போ நீ போ அக்கா," என்றாள்.

நான் எழுந்து போனேன்.