பின்சீட்டில் பிரேக்

"சும்மா குந்திகினு வர்றியா மே? பின்னாடி மூட்ட கட்டி வெச்ச மாதிரி கனக்குது, நீ மிதிக்கவே—"

"யாரு சும்மா இருக்கா? காலு கழண்டு விழுத மாதிரி மிதிக்கேன். இவரு முன்னாடி ஜமீந்தார் மாதிரி மணியடிச்சுக்கிட்டு—"

"மணி அடிக்கிறது என் வேல மே!"

"இன்னொரு தடவ மேன்னு சொன்னே, இறங்கி நடந்துருவேன்."

"எறங்கு! எறங்கினாத்தான் இது மேல ஏறும்!"

ஒரே சைக்கிளில் உட்கார்ந்துகொண்டு இரண்டு பேர் இப்படிச் சண்டை போடுவதை அனுமந்தபுரம் காட்டு ரோடு அதற்கு முன் கேட்டிருக்காது. முன்னால் மோகன்ராஜ், பின்னால் இசக்கிசெல்வி. நடுவில் அவன் முதுகு. காடும் மேடும் பார்க்கலாம் என்று கூட்டி வந்தவன், அவளுக்கு இதுவரை காட்டியதெல்லாம் வியர்வையில் ஒட்டிப்போன நீலச் சட்டை ஒன்றைத்தான்.

இருவரும் ஒரகடத்தில் கார் சீட்டுக்கு இரும்பு ஃப்ரேம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார்கள். அவன் வெல்டிங். அவள் லைனின் கடைசியில் இன்ஸ்பெக்‌ஷன். அவன் ஒட்டி அனுப்புவதை அவள் அளந்து பார்த்து, சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர், கோணலாக இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். இரண்டு வருஷமாக ஒன்றாக டீ குடித்தார்கள், ஒன்றாகக் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றார்கள், ஹாஸ்டல் பெண்கள் அவளை அவன் பெயர் சொல்லியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். கல்யாணம் என்ற வார்த்தை மட்டும் அவன் வாயிலிருந்து வந்தபாடில்லை.

சூப்பர்வைசர் கேபினில் ஒரு காலண்டர் தொங்கியது. ஏதோ மெஷின் கம்பெனி கொடுத்தது. வெளிநாட்டுச் செம்மரக் காடு. வானத்தைத் தாண்டிப் போகிற மரங்கள், செங்கல் நிறத்தில் பட்டை, நடுவே வளைந்து போகிற மலைரோடு, அதில் ஒரே சைக்கிளில் இரண்டு பேர். லீவுக்குக் கையெழுத்து வாங்க நின்றபோது இசக்கிசெல்வி அதைப் பார்த்துவிட்டு, "இப்படி ஒரு ரோட்டுல ஒரு நாளாவது போவணும்" என்றாள். அவ்வளவுதான். மோகன்ராஜ் தன் அப்பாவின் பெரிய சைக்கிளையும் பழைய இரும்புக் கடையில் கிடந்த ஒரு லேடீஸ் சைக்கிளையும் வெட்டி ஒட்டிவிட்டான். முன்பாதி உயரம், பின்பாதி குள்ளம். தூரத்திலிருந்து பார்த்தால் ஒட்டகம் உட்காரப் போவதுபோல இருக்கும்.

கரண்ட் பற்றாக்குறைக்காகக் கம்பெனிகளுக்கு வாரத்தில் ஒரு நாள் பவர் ஹாலிடே விட்ட காலம் அது. அன்று வியாழக்கிழமை, ரோடு காலி. அவள் ஷேர் ஆட்டோ பிடித்து சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கு வந்து இறங்கியபோது அவன் வண்டியோடு நின்றிருந்தான்.

"நல்லாத்தான் இருக்கு. ஒனக்கு பிரேக் எங்க?"

"உங்கிட்ட கீதே."

"எங்கிட்ட இருக்கு, பாத்தேன். ஒனக்கு?"

"எனக்கு எதுக்கு? கம்பெனில ஒரு ஸ்டேஷனுக்கு ஒரு வேல. நான் திருப்புவேன், மணியடிப்பேன். நீ நிறுத்துவ. ரெண்டு பேருக்கும் குட்த்தா யாரு புடிக்கிறதுன்னு கொழப்பம் வராதா? லைன்ல அப்டியா வெச்சிகீறாங்க?"

"அப்பம் பிள்ளைப்பாக்கத்துல ஒன் வீட்டுல இருந்து தனியா எப்படி ஓட்டிட்டு வந்த?"

அவன் வலது காலைத் தூக்கிக் காட்டினான். செருப்பில் குதிகால் பக்கமே இல்லை. தேய்த்துத் தேய்த்தே வந்திருக்கிறான்.

"அது கூட பரவால்ல மே. வழியெல்லாம் 'தம்பி, பின்னாடி ஆளு உழுந்துட்சு பாரு'ன்னு ஒரே கூச்சல். ஒரு பெரியவரு பைக்க திருப்பிகினு தேடவே போய்ட்டாரு."

சிரித்து முடித்ததும், டீக்கடையில் வைத்து அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"மதியம் அம்மா போன் பண்ணுவா. வள்ளியூர்ல ஒரு மாப்ள வந்திருக்கு. சொந்தமா டயர் கடையாம். வரட்டுமா வேண்டாமான்னு இன்னைக்கு ஒரு வார்த்த சொல்லணுமாம்."

மோகன்ராஜ் டீயை ஆற்றினான். இன்னும் ஆற்றினான். பிறகு சொன்னான்:

"டயர் கடையா... அப்போ ட்யூபும் வெச்சிருப்பாரு."

அந்த ட்யூபுதான் அன்றைய சண்டைக்கெல்லாம் மூலம்.

மேட்டில் பாதி ஏறியதும் அவன் திடீரென்று காலை ஊன்றி வண்டியை நிறுத்தினான். "வந்துட்சு, எறங்கு. நீ கேட்ட காடு."

இசக்கிசெல்வி சுற்றிப் பார்த்தாள். மஞ்சள் போர்டில் 'வனத்துறை செம்மரத் தோட்டம்' என்று எழுதியிருந்தது. போர்டுக்குப் பின்னால் வரிசை வரிசையாகச் செடிகள். அவள் இடுப்புக்குக்கூட வரவில்லை. தண்டெல்லாம் அவள் சுண்டுவிரல் பருமன்.

"இதா?"

"செம்மரம்தான் மே. போர்டு படி."

"காலண்டர்ல மரத்துக்குப் பின்னால ஒரு வீடே மறைஞ்சு நிக்கும். இதுக்குப் பின்னால ஒரு கோழி மறையுமா?"

"வளரும்."

"எப்பம்?"

"ஒரு முப்பது வருசம் ஆவும். அப்பால ரெண்டு பேரும் வந்து பாக்கலாம்."

"யாரு ரெண்டு பேரு?"

மோகன்ராஜின் காது சிவந்தது. அந்தத் தோட்டத்திலேயே நன்றாகச் சிவந்திருந்தது அது ஒன்றுதான். "அதான்... யாரு வராங்களோ அவுங்க."

"யாரு? வனத்துறையில இருந்தா?"

"இன்னா மே, எத சொன்னாலும்—"

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். நானும் ஒங்கிட்ட பேசல. இனி எங்கம்மாட்டதான் பேசப் போறேன். ஏறு."

மேட்டின் உச்சி வரைக்கும் சங்கிலி மட்டும் கிறீச் கிறீச்சென்றது. அவளுக்குக் கோபத்தைவிட பயம்தான் அதிகம். இவன் செய்கிறவன், சொல்கிறவன் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அம்மா சொர்ணம்மாளிடம் போனில் என்ன சொல்வது? ஒரு பையன் எனக்காக இரண்டு சைக்கிளை ஒட்டினான், அதனால் டயர் கடை வேண்டாம் என்றா?

உச்சி தாண்டியதும் ரோடு சறுக்கிக்கொண்டு இறங்கியது. இரண்டு பக்கமும் புதர்க்காடு, கீழே வளைவு, வளைவைத் தாண்டி ஏரித் தண்ணீரின் பளபளப்பு. காற்று காதில் அறைந்தது.

"மே... லேசா பிரேக்கு."

வண்டி இன்னும் வேகமெடுத்தது.

"தோ பாரு, சண்டைய அப்பால வெச்சிக்கலாம். ஸ்பீடாவுது."

வண்டி வளைவில் திரும்பியது.

"இசக்கி! எரும!"

"யாரப் பாத்து எருமங்க?"

"ரோட்ல மே! ரோட்ல எரும!"

அவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். ஏரிக்குப் போகிற எருமைகள் ரோட்டை முழுக்க அடைத்துக்கொண்டு, ஊர்க்கூட்டம் போட்டதுபோல நின்றிருந்தன.

"அம்மாட்ட என்ன சொல்லட்டும்?"

"இப்பவா கேக்குற?"

"பொறவு எப்பம் கேக்க?"

"டயர் கட வேணாம்னு சொல்லு!"

"ஏன் வேண்டாம்னு கேப்பா."

"நான்தான்! நான்தான் ஏன்! உன்ன நான் கட்டிக்கிறேன் மே! சத்தியமா! புடி, புடி, புடி!"

உச்சியிலிருந்தே இரண்டு விரலால் அவள் பிரேக்கைப் பாதி பிடித்துக்கொண்டுதான் வந்திருந்தாள். அது அவனுக்குத் தெரியாது. இப்போது மற்ற விரல்களையும் சேர்த்து அழுத்தினாள். சைக்கிள் அலறிக்கொண்டு நின்றது. முன்னால் நின்ற எருமை நிதானமாக வந்து மணியை முகர்ந்து பார்த்தது.

மோகன்ராஜ் இறங்கி ரோட்டோரம் உட்கார்ந்தான். "சொல்ட்டேன். போதுமா? சந்தோசமா?"

அவள் இறங்கி, லைனில் ஃப்ரேமைப் பார்ப்பதுபோல அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"செல்லாது."

"இன்னாது?"

"வெல்டிங் சூட்டோட கேஜ் வச்சா அளவு சரியாத்தான் காட்டும். ஆறின பொறவு கோணிக்கிடும். போன மாசம் ஒரு டிராலி பூரா ஒனக்குத் திருப்பி அனுப்புனேன்லா, மறந்துட்டா?"

"அது ஃப்ரேமு மே. நான் மன்சன்."

"எரும மூஞ்சப் பாத்துப் பயந்துபோயி சொன்னத எங்கம்மாட்ட நான் எப்படிச் சொல்லுவேன்? ரீவொர்க். மறுபடி சொல்லு."

"எங்க?"

அவள் வந்த வழியைக் காட்டினாள். மேடு நிமிர்ந்து நின்றது. "இறக்கத்துல எவனும் சொல்லுவான். ஏத்தத்துல சொல்லு. இஷ்டமில்லன்னா கால எடுத்துரு, வண்டி தானா நின்னுரும். நான் எதுவும் கேக்க மாட்டேன்."

ஆறட்டும் என்று சொன்னாயிற்று. ஆறிப்போனபின், 'அப்பால பாக்கலாம்' என்று சொல்லிவிட்டால்? வள்ளியூர்தான். அவன் பாட்டில் தண்ணீரைப் பாதி குடித்து, மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டான். எருமைகள் ஒவ்வொன்றாக ஏரிக்குள் இறங்கின. கடைசி எருமையும் இறங்கியபின் எழுந்து வண்டியைத் திருப்பினான்.

ஏறினார்கள். முதுகு முன்னும் பின்னும் ஆடியது. சீக்கிரமே அவனுக்கு மூச்சு இரைத்தது.

"எங்கம்மாக்கு... தேங்கா ஆவாது மே."

"என்னது?"

"எங்கம்மா... பங்கஜம் கீதே... தெக்கத்திப் பொண்ணுன்னா... எல்லா கொழம்புலயும்... தேங்கா அரைச்சு ஊத்திடுவாங்கன்னு... எங்கிட்ட முன்னாடியே... சொல்லிட்சு."

"இதுக்கா ரெண்டு வருசம்?"

"நீ தேங்கா இல்லாம... சாப்பிட மாட்டியே! யார வுட்டுக் குடுக்க சொல்றது... உன்னயா, எங்கம்மாவயா..."

"அடப்பாவி! அவ்வோளுக்கு ஒரு சட்டி, எனக்கு ஒரு சட்டி. அடுப்பு ரெண்டு இருக்குல்லா?"

அவன் முதுகு ஒரு நொடி அசைவற்றுப் போனது. சைக்கிள் அப்படியே பின்னால் சரியப் பார்த்தது.

"ரெண்டு சட்டி..." என்றான், உலகத்தில் யாருக்கும் தோன்றாத யோசனையைக் கேட்டவன்போல. "அத நான் யோசிக்கவே..."

அப்போது அவள் தோள்பையில் போன் அடித்தது.

"எடுக்காத மே! இரு, நான் மொதல்ல..."

"கட்டாயிரும். அவ திருப்பிப் போட மாட்டா. சொல்லுதன்னா சொல்லு!" ஒரு கையால் போனை எடுத்துப் பச்சைப் பட்டனை அழுத்திக் காதில் வைத்தாள். கால் நிற்கவில்லை.

"ஏட்டி இசக்கி," என்றாள் சொர்ணம்மாள், வள்ளியூர்வரை கேட்கிற குரலில். "மாப்ள வீட்டு ஆளு வாசல்ல நிக்காவ. என்ன சொல்லட்டும்?"

முன்னால் அவன் நின்றுகொண்டு மிதித்தான். சைக்கிள் பாம்பாக நெளிந்தது. ஒரு மிதிக்குப் பாதி வார்த்தை வந்தது. காலை மட்டும் அவன் எடுக்கவில்லை.

"கட்டி... க்கிறேன்... மே... இசக்கிய... நான்... கட்டி... க்கிறேன்..."

இசக்கிசெல்வி வாயைத் திறந்தாள். சிரிப்புதான் வந்தது.

"ஏட்டி, அங்க எவன் அது, மூச்சு வாங்கிக்கிட்டே கட்டிக்கிறேன் கட்டிக்கிறேங்கான்?"